ஃப்ளெக்ஸ் பெற்ற பிள்ளை

சைரன் அலறியது.

அரியலூர் தொல்லுயிர் மீட்பு மையத்தில் அந்தச் சைரனை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் மாட்டியிருந்தார்கள். தீப்பிடித்தால் வேறு மணி, மதியச் சாப்பாட்டுக்கு வேறு மணி. இது அலறினால் இன்குபேட்டருக்குள் இருக்கும் அந்த ஒற்றை முட்டை அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

கால்நடை டாக்டர் மணிமொழி கையிலிருந்த டீயைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஓடினாள். பதினோரு மாதமாக அவள் காத்திருந்த சத்தம் அது.

பராமரிப்பாளர் சவரிமுத்து ஏற்கெனவே கண்ணாடியில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். நாற்பது வயது, இந்த வேலைக்கு வருவதற்கு முன் வாத்து மேய்த்தவன்.

"டாக்டரம்மா, உள்ளேர்ந்து தட்டுது. வீட்டுச் சாவியைத் தொலைச்சவன் தட்டுற மாதிரி தட்டுது."

பலாக்காய் அளவு முட்டை. அதன் மேல் முனையில் மயிரிழை போல ஒரு கீறல். ஈமு கோழியின் மரபணுவைப் படிப்படியாகப் பின்னோக்கி நடக்கவிட்டு, ஏழு கோடி வருடத்துக்கு முன்னால் இதே சுண்ணாம்புக்கல் மண்ணில் வேட்டையாடித் திரிந்த ஒரு ஜீவன் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். உலகத்தில் வேறு யாராலும் முடியாதது. பதினாறு முட்டைகளில் பதினைந்து கூழாகிப்போய், மிஞ்சியது இது.

"விளக்கை அணைங்க சவரி. அந்த இறகு அங்கியை எடுங்க. சீக்கிரம்!"

அவள் அங்கிக்குள் பாதி கையை நுழைத்தபோது கதவு படாரென்று திறந்தது. மையத்தின் இயக்குநர் சதாசிவம் மூச்சிரைக்க நின்றார்.

"மணி பத்தேகால்தான் ஆகுது! அமைச்சர் நாலு மணிக்குத்தான் வர்றாரு. யாரைக் கேட்டுப் பொரியுது இது?"

"அதுக்கு யாரும் அழைப்பிதழ் குடுக்கலை சார்."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். 'பொரிப்பினைத் தொடங்கி வைத்தவர் மாண்புமிகு தொல்லுயிர் நலத்துறை அமைச்சர் தில்லைநாயகம்'னு கல்வெட்டே வெட்டியாச்சு. இன்னைக்கு முகூர்த்த நாள். அவரு மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து முடிச்சிட்டு வரணும். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க."

"இது என்ன பஸ்ஸா சார், கையைக் காட்டி நிறுத்த?"

"சூட்டைக் குறைங்க. குளிர்ந்தா அடங்கும்ல?"

"ஒரு டிகிரி குறைக்கலாம். ரெண்டு மணி நேரம் தள்ளிப்போகும். அதுக்கு மேல குறைச்சா ஓட்டுக்குள்ளயே செத்துரும்." மணிமொழி குரலைத் தணித்தாள். "சார், அதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. இந்த இனம் ஓட்டை விட்டு வெளியே வந்ததும் முதல்ல எந்த முகத்தைப் பார்க்குதோ அதைத்தான் அம்மான்னு எடுத்துக்கும். மூளையில அப்படியே பதிஞ்சுரும். பிறகு யாராலயும் அழிக்க முடியாது. அதனாலதான் இருட்டு அறை, இந்த அங்கி, நான் பதினோரு மாசமா பழகின இந்தக் குரல் எல்லாம். நாளைக்கு இது பத்தடி உயரத்துக்கு வளர்ந்து நிக்கும்போது நான் சொன்னா கேக்கணும்ல?"

"நெசந்தான் சார்," என்றான் சவரிமுத்து. "ஒரு தடவை என் மொபெட்டுக்கு முன்னாடி முட்டை பொரிஞ்சுபோச்சு. முப்பது வாத்துக் குஞ்சும் அந்த மொபெட்டைத்தான் அம்மான்னு நினைச்சுச்சுங்க. நான் பெட்ரோல் போடப் போனா முப்பதும் வரிசையா வந்து பங்க்ல நிக்கும்."

சதாசிவம் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு புதுக் கவலை படர்ந்துவிட்டிருந்தது.

"அப்போ அமைச்சருக்கு முன்னாடி அது உங்களைப் பார்க்கும்கிறீங்க."

"ஆமா சார்."

"நீங்களும் அமைச்சருக்கு முன்னாடி அதைப் பார்ப்பீங்க."

"பார்க்காம எப்படி..."

"நடக்காது மேடம். நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு. முட்டையை மேடைக்குக் கொண்டு போங்க. அமைச்சர் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா அதைப் பார்க்கக் கூடாது."

அந்த மையத்தில் விஞ்ஞானத்துக்கும் நெறிமுறைக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று மணிமொழிக்குத் தெரியும். பதினைந்து நிமிடத்தில் முட்டை விழா மண்டபத்து மேடையில், பட்டுத்துணி விரித்த பீடத்தில் இருந்தது. சுற்றிலும் நான்கு சூட்டு விளக்குகள். பின்னால் இருபதடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ்.

ஃப்ளெக்ஸில் அமைச்சர் தில்லைநாயகம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது எடுத்த படம். அதற்கு வயது இருபத்தாறு. சுருள் சுருளாகத் தலைமுடி, கரேலென்று மீசை, கத்தி வைத்துச் செதுக்கியது போலத் தாடை. போதாததற்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்குக் கன்னத்தில் ரோஜா நிறமும் கண்ணில் ஒளியும் சேர்த்திருந்தார். இந்த இருபத்தாறு வருடத்தில் அமைச்சருக்கு மூன்று கட்சி மாறியிருந்தது, இரண்டு முறை இதயத்தில் அடைப்பு எடுத்திருந்தது. படம் மட்டும் மாறவில்லை.

எல்லோரையும் திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். திரைக்குப் பின்னாலேயே மேடையின் இரண்டு பக்கமும் போலீஸ்.

நான்கு மணி ஆகவில்லை. மூன்று இருபதுக்கே ஓடு உடையும் சத்தம் கேட்டது.

மணிமொழி பாய்ந்தாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் கையை நீட்டி மறித்தார்கள். "அமைச்சர் வரணும் மேடம்." திரையின் இடுக்கு வழியாகத்தான் அவளால் பார்க்க முடிந்தது. ஈரமான செம்பட்டை இறகுகளோடு பூனையளவில் ஒரு குஞ்சு ஓட்டிலிருந்து உருண்டு விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது. கண்ணைத் திறந்தது.

ஆயிரம் நாற்காலி போட்ட மண்டபம். ஒரு மனித முகம் இல்லை. குஞ்சு தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தது.

அங்கே ஒரு முகம் இருந்தது. பெரிய முகம். சிரித்த முகம். இரண்டு கைகளையும் கூப்பி அதை வரவேற்றுக்கொண்டிருந்த முகம்.

"கீங்," என்றது குஞ்சு.

அது தன்னை அழைத்திருக்க வேண்டிய குரல் என்று மணிமொழிக்குத் தெரிந்தது. திரையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமைச்சர் ஐந்து நாற்பதுக்கு வந்தார். அதற்குள் சதாசிவம் ஓட்டை மறுபடி கோந்து போட்டு ஒட்டி, குஞ்சை அதற்குள் உட்கார வைத்திருந்தார். முட்டையின் மேல் ஓட்டை அமைச்சர் இரண்டு விரலால் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். குஞ்சு எட்டிப் பார்த்தது. அமைச்சரின் தோளைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்து "கீங்... கீங்..." என்று உருகியது.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

சதாசிவம் அன்று காலையில்தான் கற்றுக்கொண்ட விஞ்ஞானத்தை, தானே கண்டுபிடித்தது போல அமைச்சரின் காதில் ஓதினார். "முதல்ல பார்க்கிற முகத்தைத்தான் ஐயா அம்மான்னு நினைக்கும். உலகத்துல எத்தனையோ விஞ்ஞானி இருக்க, அது உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு பாருங்க."

அமைச்சரின் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே குஞ்சுக்குத் தன் தாயாரின் பெயரை வைத்தார்: செல்லத்தாயி. மையத்தின் பிறப்புப் பதிவேட்டில் 'தாய்' என்ற கட்டத்தில் 'மாண்புமிகு அமைச்சர் தில்லைநாயகம்' என்று சதாசிவம் தன் கையால் எழுதினார். மறுநாள் மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி: 'டைனோசரின் தாயே, வருக!'

படம் அதே பழைய படம்தான்.

*

மூன்றாம் நாள் சிக்கல் ஆரம்பித்தது. செல்லத்தாயி சாப்பிட மறுத்தாள்.

ஆட்டு ஈரலை நறுக்கி வைத்தார்கள். மீன் வைத்தார்கள். மணிமொழி இறகு அங்கி போட்டுக்கொண்டு, தொண்டை கமறும்வரை அந்தப் பழகிய குரலில் கூப்பிட்டாள். குஞ்சு சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தது. சவரிமுத்து தன் அறையிலிருந்து துறையின் பழைய காலண்டர் தாளை எடுத்துவந்து தரையைத் துடைக்கப்போனபோதுதான் அது நடந்தது. தாளில் உள்ளங்கை அளவுக்கு அமைச்சரின் படம். குஞ்சு எழுந்து தத்தித் தத்தி ஓடிவந்து அந்தத் தாளின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

"டாக்டரம்மா," என்றான் சவரிமுத்து மெதுவாக. "என் மொபெட் கதை."

அன்றைக்கே ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து கூண்டுக்குள் கட்டினார்கள். அதன் அடியில் வைத்த இறைச்சியைக் குஞ்சு மிச்சமில்லாமல் தின்றது.

மணிமொழி ஒரு வாரம் சோதித்தாள். பழைய படம் எந்த அளவில் இருந்தாலும் குஞ்சு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பிறகு, போன மாதக் கல்யாண வீடியோ ஒன்றிலிருந்து அமைச்சரின் இப்போதைய முகத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். தொங்கிய கன்னம், இரட்டை மோவாய், வீங்கிய இமை. குஞ்சு சீறிப் பாய்ந்து அதைக் கிழித்தது. மூன்று தடவை காட்டினாள். மூன்று தடவையும் கிழித்தது.

மூன்று பக்க அறிக்கையோடு அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். சதாசிவம் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சுருக்கமா சொல்லுங்க. என்ன எழுதியிருக்கீங்க?"

"அது அமைச்சரை அம்மாவா நினைக்கலை சார். அமைச்சரோட ஃப்ளெக்ஸைத்தான் நினைக்குது. அதுக்கு ரெண்டும் வேற வேற ஆளு. நேர்ல பார்த்தா அம்மாவை அடிக்க வந்தவன்னு நினைச்சுக் கடிச்சுரும்."

"அதாவது, மாண்புமிகு அமைச்சர் அவரோட போட்டோ மாதிரி இல்லைன்னு ஒரு அரசு மருத்துவர் எழுத்துப்பூர்வமா தர்றீங்க."

"நான் தரலை சார். குஞ்சு தருது."

"குஞ்சு கையெழுத்துப் போடுமா? நீங்கதானே போட்டிருக்கீங்க?" அவர் அறிக்கையை இரண்டு விரலால் தள்ளிவைத்தார். "மேடம், எனக்கு ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்கு. இந்தத் தாளை நான் மேல அனுப்பினா, அடுத்த வாரம் நானும் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி போயிருவேன்."

ஆனாலும் அவர் நேர்மையானவர்தான். மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு ஒன்றைப் போட்டார். குழு ஒரு நாள் வந்தது. காலையில் குஞ்சைப் பார்த்தது, மதியம் விரால் மீன் குழம்பைப் பார்த்தது, மாலையில் அறிக்கை தந்தது: 'விலங்கின் பார்வைத் திறனில் குறைபாடு உள்ளது. சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது.'

எந்தக் கோளாறும் இல்லாத இரண்டு கண்களில் மணிமொழி மூன்று மாதம் சொட்டு மருந்து விட்டாள்.

*

இரண்டு வருடத்தில் செல்லத்தாயி பதினோரு அடிக்கு வளர்ந்தாள். வாழைப்பூ நிறத்தில் இறகு. ஒவ்வொரு பல்லும் ஒரு ஆள் விரல் நீளம். அவள் நடந்தால் அடுத்த கட்டடத்தில் டம்ளர் தண்ணீர் ஆடியது. சாயங்காலமானால் அந்த மகத்தான உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸின் கீழே படுத்து, பூனைக்குட்டி போலக் குறுகுறுப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மணிமொழி ஒன்பது நாள் கூண்டு வாசலிலேயே கிடந்திருக்கிறாள். காலில் முள் குத்தியபோது, ஃப்ளெக்ஸை ஒருவன் பிடித்துக்கொள்ள, இவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து முள்ளை எடுத்திருக்கிறாள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட செல்லத்தாயி அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. வலி தீர்ந்ததும் நன்றியோடு ஃப்ளெக்ஸைத்தான் நக்கினாள்.

"உங்களைப் பார்த்தா எங்க வார்டு ஞாபகம் வருது டாக்டரம்மா," என்பான் சவரிமுத்து. "சாக்கடை அள்றது ஒரு அம்மா. நன்றின்னு போர்டு வைக்கிறது வேற ஆளுக்கு."

படத்தின் வாயில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாக உணவு கொடுத்தால் இன்னும் வசதி என்று அவன் ஒரு யோசனை சொன்னான். அமைச்சரின் வாயில் ஓட்டை போட்ட குற்றத்துக்கு என்ன தண்டனை என்று தெரியாததால் மணிமொழி அதைக் கைவிட்டாள்.

அமைச்சர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் கூண்டின் ஒரு பக்கக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தன்னை வரவேற்று வைத்த புது ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்றார். செல்லத்தாயி ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை வைத்து உருகினாள். "பாத்தியா, என்னைக் கண்டா எப்படி ஓடி வருது!" என்று அமைச்சர் விக்கைச் சரிசெய்துகொண்டார்.

இந்த ஏற்பாடு இப்படியே எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓடியிருக்கும். ஆனால் தேர்தல் வந்தது.

*

தேர்தல் தேதி அறிவித்த அன்று மத்தியானமே பறக்கும் படை வந்துவிட்டது. நடத்தை விதிப்படி அரசு இடங்களில் அமைச்சரின் உருவம் எதுவும் தெரியக் கூடாது. கல்வெட்டின் மேல் செய்தித்தாள் ஒட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பு அடித்தார்கள். சவரிமுத்துவின் காலண்டரை ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியாகக் கூண்டுக்கு வந்து, செல்லத்தாயிக்கு மயக்க ஊசி போடச் சொல்லி, அவள் எழுவதற்குள் ஃப்ளெக்ஸைத் தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள்.

அவள் எழுந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகம் இல்லை.

அன்று அவள் போட்ட அலறலில் சிமெண்ட் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார்கள்.

மணிமொழி தேர்தல் அதிகாரியிடம் போனாள். நல்ல மனிதர். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"முப்பத்தஞ்சு நாள்தானேம்மா? தேர்தல் முடிஞ்சதும் நானே வந்து அவுத்து விடறேன்."

"அது ஒரு வாரம் தாங்காது சார். அம்மா இல்லாம சாப்பிடாது."

"அம்மாதான் அமைச்சர்னு பதிவேட்டுல இருக்கே?"

"அம்மா அந்த ஃப்ளெக்ஸ் சார்."

அதிகாரி சற்று நேரம் அவளைப் பரிவோடு பார்த்தார். "மேலிடத்துக்கு எழுதுங்க. ஏழு வேலை நாள்ல பதில் வரும்."

அவள் தன் செல்போனில் அந்தப் படத்தை எடுத்துக் கம்பிக்குள் நீட்டிப் பார்த்தாள். செல்லத்தாயியின் கண் பளிச்சிட்டது. பாசத்தோடு நாக்கை நீட்டினாள். போன் போயே போய்விட்டது. வயிற்றுக்குள்ளிருந்து இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு கூண்டருகே போன் கொண்டுபோக மணிமொழிக்குத் தடை.

நான்காம் நாள் விலா எலும்பு தெரிந்தது. ஐந்தாம் நாள் செய்தி வந்தது: 'பட்டினி கிடக்கும் பிள்ளைக்குத் தன் கையால் உணவூட்டத் தாய் வருகிறார்!'

எதிர்க்கட்சி ஆட்சேபித்தது. தேர்தல் அதிகாரி பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். வேட்பாளர் என்ற முறையில் தில்லைநாயகத்துக்கு அனுமதி இல்லை. அரசு ஆவணப்படி விலங்கின் தாய் என்ற முறையில் அனுமதி உண்டு என்று உத்தரவு போட்டார். கட்சிக் கொடி, சின்னம், உருவப்படம் எதுவும் உள்ளே வரக் கூடாது. பாதுகாப்புக்கு நான்கு துப்பாக்கிக்காரர்கள். விலங்கு அமைச்சர் மேல் பாய்ந்தால் சுட்டுவிட வேண்டும்.

கடைசி வரியை மணிமொழி இரண்டு தடவை படித்தாள். அவர் உள்ளே போனால் அது பாயும். பாய்ந்தால் சுடுவார்கள். உலகத்தில் இருக்கும் ஒரே ஒரு டைனோசர், தன் அம்மா எங்கே என்று தேடிய குற்றத்துக்காகச் செத்துப்போகும்.

*

அமைச்சர் இயக்குநரின் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பளபளக்கும் விக், கறுப்புக் கண்ணாடி, புதுச் சாயம் பூசிய மீசை. வெளியே மேளச் சத்தம்.

"ஐயா, உள்ளே போகாதீங்க," என்றாள் மணிமொழி.

"ஏம்மா டாக்டரு, பெத்த தாயைப் பிள்ளை கடிக்குமா?"

"அதுக்கு உங்களைத் தெரியாதுங்கய்யா."

சதாசிவத்துக்கு இருமல் வந்தது.

அமைச்சர் கோபப்படவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்தார். "என்னைத் தெரியாத உசுரு இந்த மாவட்டத்துல ஏதும்மா? தெருவுக்கு நாலு இடத்துல நிக்கிறேன்."

"தெருவுல நிக்கிறது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின படம்யா."

"அன்னைக்கும் நான்தானேம்மா?"

அமைச்சரின் கை தானாகக் கன்னத்துக்குப் போய், அங்கே தொங்கிய சதையை ஒரு கணம் தடவிவிட்டு இறங்கியது. பிறகு அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வெளியே ஏழு டிவி நிக்குது. தள்ளும்மா."

மணிமொழி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே இரண்டாயிரம் தில்லைநாயகங்கள் நின்றார்கள். எல்லோருக்கும் சுருள் முடி, கரேலென்ற மீசை, ரோஜாக் கன்னம். கட்சித் தொண்டர்கள் அட்டையில் அச்சடித்த முகமூடியை ரப்பர் வளையத்தால் காதில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் பறக்கும் படை, உள்ளே வருகிறவர்களிடம் முகமூடியைக் கழற்றி வாங்கி, ரசீது எழுதிக்கொண்டிருந்தது.

"சவரி! எனக்கு ஒரு முகமூடி வேணும். இப்பவே!"

சவரிமுத்து இறைச்சி வாளியோடு ஓடினான். ஐந்து நிமிடத்தில் அதே வாளியோடு திரும்பினான். மேலே ஈரல். ஈரலுக்கு அடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் அமைச்சர். "ரசீது புத்தகத்துல கார்பன் மாத்திக்கிட்டிருந்தாங்க டாக்டரம்மா. நைசா வந்துட்டேன்."

கூண்டுக் கதவருகே அவள் அமைச்சரை மடக்கினாள். பையைத் திறந்து காட்டினாள். "ஐயா, கெஞ்சிக் கேக்கிறேன். இதை மாட்டிக்கிட்டுப் போங்க."

அமைச்சர் முகமூடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என் மூஞ்சியை நானே மாட்டிக்கிட்டு என் பிள்ளையைப் பார்க்கணுமா?" அவர் பையைத் தள்ளினார். "நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

வெள்ளித் தட்டில் ஆட்டுத் தொடையை ஏந்திக்கொண்டு அவர் உள்ளே நடந்தார். சுற்றுச்சுவர் மேல் ஏழு கேமராக்கள். நான்கு மூலையில் நான்கு துப்பாக்கிகள்.

தார்ப்பாய் மூடிய ஃப்ளெக்ஸின் அடியில் கிடந்த செல்லத்தாயி தலையைத் தூக்கினாள். ஐந்து நாள் பட்டினியில் மேலும் பெரிதாகத் தெரிந்த கண்கள். எழுந்து நின்றாள்.

"செல்லத்தாயி..." அமைச்சர் கேமராவுக்கு வாகாகத் திரும்பி நின்றுகொண்டார். "அம்மா வந்திருக்கேன்டா தங்கம்..."

அவள் முகர்ந்தாள். மீசைச் சாயம், விக் பசை, பவுடர். கழுத்து இறகுகள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழுந்தன. சீறல் முதலில் மெல்லிதாகத் தொடங்கி, பிரஷர் குக்கர் போல ஏறியது. அமைச்சரின் தட்டு ஆடியது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். நான்கு துப்பாக்கிகளும் தோளில் ஏறின.

செல்லத்தாயி ஒரு அடி வைத்தாள்.

தான் எப்போது ஓட ஆரம்பித்தோம் என்று மணிமொழிக்குப் பிறகு ஞாபகம் இல்லை. அமைச்சருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, முகமூடியை அவர் முகத்தில் அறைந்து, ரப்பர் வளையத்தை இரண்டு காதிலும் மாட்டினாள்.

"அசையாதீங்க! கையைக் கூப்புங்க! படத்துல இருக்கிற மாதிரி!"

தட்டு கீழே விழுந்தது. அமைச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் சொன்னபடி கைகூப்பினார்.

திறந்த வாய் ஒரு முழ தூரத்தில் நின்றது. இறகுகள் படிந்தன. பதினோரு அடி உயரத்திலிருந்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் குஞ்சுக் குரல் கேட்டது.

"கீங்..."

செல்லத்தாயி முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள். தாடையைத் தரையில் வைத்தாள். ஐந்து நாள் பாசத்தையும் சேர்த்து, இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை அமைச்சரை ஒரே இழுப்பில் நக்கினாள். விக் நாக்கோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனது. பிறகு தரையில் கிடந்த ஆட்டுத் தொடையைக் கடித்து நொறுக்கித் தின்றாள்.

துப்பாக்கிகள் இறங்கின. சுவருக்கு அப்பால் தொண்டர்களின் பட்டாசுச் சத்தம் காதைப் பிளந்தது. கூண்டுக் கம்பிக்கு வெளியே பறக்கும் படைக்காரர் ஒருவர், "உருவப்படம்! உள்ளே உருவப்படம்! விதிமீறல்!" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

மணிமொழி எச்சிலும் ஆட்டு ரத்தமுமாக நின்றாள். கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பெரிய மஞ்சள் கண் இருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. பரவாயில்லை என்று தோன்றியது. சாப்பிடுகிறது, போதும்.

*

அமைச்சரைப் பின் கதவு வழியாகத் தீவனக் கொட்டகைக்கு அழைத்துவந்தார்கள். அவர் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். வழுக்கைத் தலையில் எச்சில் பளபளத்தது. மீசைச் சாயம் கரைந்து மோவாயில் இரண்டு கறுப்புக் கோடாக வழிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் காணோம். எச்சிலில் ஊறிப்போன வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, சவரிமுத்து கொடுத்த காக்கி மேல்சட்டையைப் போட்டிருந்தார். சதாசிவம், இந்த முகமூடி உத்தி தன்னுடையது என்று டிவிக்காரர்களுக்குச் சொல்ல ஓடிப்போயிருந்தார்.

மணிமொழி ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார்.

"அது என்னைப் பார்த்து அப்படிச் சீறிச்சேம்மா," என்றார். அந்தக் குரலில் அமைச்சர் இல்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். "ரெண்டு வருஷமா என் பிள்ளைன்னு மேடைக்கு மேடை சொல்லியிருக்கேன்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. "அதுக்கு என்னங்கய்யா தெரியும்? மிருகம்தானே."

"ஆமா." அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "மிருகம். அதுக்கு அட்டைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியலை. மனுசனுக்குத் தெரியும்மா."

கொட்டகை வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். ஆளுயர ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு, பறக்கும் படையை ஏமாற்றிவிட்டு ஒரு தொண்டர் பாய்ந்து வந்தார். முகத்தில் முகமூடி. சுருள் முடி, கரேலென்ற மீசை, கன்னத்தில் ரோஜா நிறம்.

அமைச்சரின் முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது. கைகூப்பி, மாலைக்கு வாகாகக் கழுத்தை நீட்டினார்.

இருபத்தெட்டு வயது இளைய அந்த முகம், அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தது.

"யோவ் பெருசு, கொஞ்சம் தள்ளி உக்காரு. எங்க அண்ணன் எந்தப் பக்கமா போனாரு?"